ஓய்வும் உடனிருப்பும்

அமெரிக்க ஓவியர் ஜான் சிங்கர் சார்ஜென்ட் 1889ஆம் ஆண்டில் தீட்டிய எண்ணெய் வண்ண ஓவியம் ஒன்று நியூயார்க் புரூக்ளின் அருங்காட்சியகத்தில் உள்ளது. ‘திறந்தவெளியில் ஒரு பயிற்சி ஓவியம்’ என்று அதன் பெயரைத் தமிழிற் கூறலாம்.

களம், இங்கிலாந்தின் ஃபிளாட்பரி என்னும் சிற்றூர். ஆற்றங்கரைப் புல்லில் அமர்ந்து, பிரெஞ்சு ஓவியர் பால் எலூ தூரிகை பிடித்துக் குனிந்திருக்கின்றார். தோளோடு தோளாக அவர் துணைவி ஆலிஸ். பின்னால் சிவப்புப் படகொன்று கிடக்கின்றது. வானமே இல்லை. புல்லின் பசுமையை விரைந்து இழுத்த கோடுகளே விளைவிக்கின்றன. பிரெஞ்சு ஓவியர் மோனேயின் நட்பால் சார்ஜென்ட் கற்ற கலை இது.

இதனை ஓய்வின் ஓவியம் என்பர். உண்மையில் ஓய்ந்திருப்பவர் யார்? எலூவின் கை தொழில் செய்கின்றது. கண் தொழிலிலேயே ஒன்றியுள்ளது. ஆலிசின் கைக்குத் தொழில் இல்லை. கணவரின் பணியையும் அவள் நோக்கவில்லை. தாழ்ந்த அப்பார்வையில் தெரிவது இன்பமன்று, காத்திருத்தல். தலைப்பில் இடம்பெறாத அவளே ஓவியத்தின் உயிர் என்பேன்.

சி ரூசா தோட்டப்புறத்தை அறிந்தோர்க்கு இஃது எளிதில் விளங்கும். விடியுமுன் பிரட்டுக்கு நின்று, பால்மரம் வெட்டி, பால் நிறுத்து வீடு திரும்பிய நம் தாய்மார்க்கு விறகும் தண்ணீரும் துணியும் காத்திருந்தன. மாலையில் லயத்து வாசலில் ஆடவர் அமர்ந்து கதைபேச, அருகிருந்த அவர்தம் கைகள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தன. ஆலிசின் சலிப்பு வசதியுள்ளோர் சலிப்பு. நம் தாயரின் களைப்போடு அதனை நிகராக்குதல் நேர்மையன்று. எனினும், ஒருவர் ஓய்வை மற்றொருவர் உடனிருந்து தாங்குகின்றார் என்னும் உண்மை இரண்டிற்கும் பொது.

நம் தோட்டப்புறக் கதைகள் பலவற்றில் வாசலில் அமர்ந்த ஆடவன் பேசுகின்றான். அருகிருப்பவள் தேநீர் கொணர்ந்து மறைகின்றாள். சார்ஜென்ட் தம் நண்பரைத் தீட்டவே அமர்ந்தார் போலும். ஆயினும் பக்கத்திலிருந்த முகத்தைக் கண்ட கண்ணை அவர் மூடிக்கொள்ளவில்லை. புல்லையும் படகையும் ஓரிரு வீச்சில் முடித்தவர், அம்முகத்தின் அமைதியை அழகுபடுத்தி மாற்றவுமில்லை. எழுதுவோர் அவரிடம் கற்கவேண்டிய பாடம் வண்ணக் கலவை அன்று. கதைத்தலைவன் அருகில் அமர்ந்திருப்பவளையும் நிமிர்ந்து நோக்கும் அந்த நேர்மையே.