நிதானமான துப்புரவு

விண்டோஸ் 10-இல் 2017-ஆம் ஆண்டு வந்து சேர்ந்த ‘ஸ்டோரேஜ் சென்ஸ்’, எதை அழிக்கத் தயங்குகிறது என்பதற்காகவே எனக்குப் பிடிக்கும். ஆன் செய்துவிட்டால் போதும். வட்டில் இடம் குறையும்போது, எந்தச் செயலியும் பயன்படுத்தாத தற்காலிகக் கோப்புகளைத் தானே நீக்கும். ரீசைக்கிள் பின்னில் போட்டதற்கு 30 நாள் தவணை. அதற்குள் மனம் மாறினால் மீட்டுக்கொள்ளலாம். டவுன்லோட்ஸ் ஃபோல்டரையோ, நாம் சொல்லாமல் தொடாது. மின்கட்டண ரசீது, கல்யாணப் பத்திரிகை, பிள்ளையின் ஹால் டிக்கெட் எல்லாம் குவிந்து கிடக்கும் இடமல்லவா! வீட்டை ஒழிக்கிறேன் என்று பழைய கடிதங்களை எடைக்குப் போடும் உறவினர்களுக்கு இந்த நிதானம் வாய்ப்பதில்லை. ‘வேகம் கூட்டுகிறேன்’ என்று ரெஜிஸ்ட்ரியில் கைவைக்கும் துப்புரவுச் செயலிகளுக்கும்தான்.