தோற்ற பணமும் பொய்ப் புகாரும்

இணையச் சூதாட்டத்தில் தோற்ற பணத்தை கிரெடிட் கார்டு வங்கியிடம் புகார் கொடுத்துத் திரும்ப வாங்குவது நியாயமா? என்ன சொல்லிக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது அது.

கலிபோர்னியாவில் ஒரு பெண் பன்னிரண்டு கார்டுகளில் 70,000 டாலருக்கு மேல் இணையக் காசினோக்களில் இழந்தார். 1998-ல் பாக்கியைக் கேட்டு பிராவிடியன் வங்கி வழக்குப் போட, அவர் எதிர்வழக்குத் தொடுத்தார். ஆடியதை அவர் மறைக்கவில்லை. சட்டவிரோதச் சூதுக்காகக் கொடுத்த கடனை வசூலிக்க வங்கிக்கு உரிமை இல்லை என்பதே அவர் வாதம். கடைசியில் வங்கி சமரசத்துக்கு வந்து கடனை விட்டுக்கொடுத்தது.

தோற்றவர்களில் பலர் போகும் வழி வேறு. ‘இந்தப் பரிவர்த்தனையை நான் செய்யவில்லை’ என்று படிவத்தில் குறித்துவிடுகிறார்கள். வங்கி அதைத் திருட்டாக எடுத்துக்கொண்டு கார்டை முடக்குகிறது, சூதாட்டத் தளத்திடமிருந்து பணத்தைத் திரும்பப் பிடிக்கிறது. அன்றிரவு ஜெயித்திருந்தால் இதே ஆள் புகார் கொடுத்திருப்பாரா? மாட்டார். ஜெயித்தால் எனக்கு, தோற்றால் உனக்கு என்பது ஏமாற்று. தளம் அயோக்கியத்தனமானதாக இருந்தாலும் பொய் பொய்தான். நாளைக்கு உண்மையாகவே கார்டைப் பறிகொடுத்து வருபவரையும் வங்கி சந்தேகத்தோடு பார்க்கும்.

ஜெயித்த பணத்தைத் தராத தளம், சொன்னதைவிடக் கூடுதலாகப் பிடித்த தளம், சூதை வேறு வியாபாரம்போலப் பதிவுசெய்த தளம் ஆகியவற்றின் மேல் புகார் கொடுப்பதில் தவறே இல்லை.

வங்கியும் அப்பாவி அல்ல. சூதாட்டப் பரிவர்த்தனைக்கு 7995 என்று தனிக் குறியீடே உண்டு. பல வங்கிகள் அதை ரொக்கம் எடுத்ததாகக் கணக்கிட்டு, தனிக் கட்டணம் போட்டு, அன்றைக்கே வட்டியை ஆரம்பித்துவிடும். எதற்குக் கடன் கொடுக்கிறோம் என்று தெரிந்தே கொடுக்கிறார்கள். சூதுக்குத் துணைபோவதாக விசா, மாஸ்டர்கார்டு மீது இரண்டு சூதாட்டக்காரர்கள் தொடுத்த வழக்கு தள்ளுபடியானதை 2002-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதிசெய்தது. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். ஆனால், ‘தெரிந்துதானே ஆடினார்கள்’ என்ற பதில் சூதுக்கு அடிமைப்பட்டவருக்குப் பொருந்தாது. பிரிட்டனில் கிரெடிட் கார்டால் இணையத்தில் சூதாடியவர்களில் 22 சதவீதம் பேர் சூதாட்டப் பிரச்சினை உள்ளவர்கள் என்று சூதாட்ட ஆணையமே சொன்னது. 2020 ஏப்ரல் 14 முதல் கிரெடிட் கார்டுச் சூதுக்குத் தடையும் வந்தது. கடனைக் கொடுத்துவிட்டுப் பிறகு வழக்காடுவதைவிட, வாசலிலேயே நிறுத்தியது நேர்மையான வழி.

ஆகவே என் தீர்ப்பு இது: ஆடவில்லை என்று பொய் சொல்லிப் பணம் கேட்பது தவறு, அடிமைப்பட்டவர் செய்தாலும் தவறு. ஆடினேன், நோயாளி நான், தெரிந்தே நீங்கள் கடன் கொடுத்தீர்கள் என்று கேட்பது அவர் உரிமை. ஆனால் விசாவின் புகார் வகைகள் மோசடி, அனுமதி, செயலாக்கப் பிழை, நுகர்வோர் குறை என்ற நான்கோடு முடிந்துவிடுகின்றன. அந்த உண்மையைச் சொல்ல அங்கே இடமில்லை. அந்த இடத்தை ஏற்படுத்தித் தர வேண்டிய பொறுப்பு வட்டி வாங்குகிறவர்களுடையது.