துய்மா வீதியை நடுவில் நிறுத்துவது எப்படி? இங்க்ஸ்கேப் 1.4 கைப்பழக்க விமர்சனம்

நீலச் செவ்வகம், அதற்குள் ஒரு வெள்ளைக் கோடு, ஒரு வரி பிரெஞ்சு, ஒரு வரி தமிழ். புதுச்சேரித் தெருப்பலகையில் மொத்தமே இவ்வளவுதான். கணினியில் வரைந்து பார்த்தால்தான் அதன் குறும்பு தெரியும். வடிவமைப்பு மென்பொருள் ஒன்றின் தரத்தை எடைபோட இந்தப் பலகையைவிடக் கறாரான பரீட்சை எனக்குத் தெரிந்து இல்லை. எழுத்தை அடுக்குவது, வடிவத்தை வெட்டுவது, லேயர்களைப் பூட்டுவது, கடைசியில் கடைக்காரர் கையில் கோப்பைக் கொடுப்பது என எல்லாச் சிக்கலும் இதற்குள் அடங்கியிருக்கிறது.

ஒயிட் டவுனில் சின்னதாக ஒரு விடுதி நடத்தும் நண்பர், அறைக்கு ஒரு வீதிப் பெயர் வைத்து, அதே பாணியில் பலகை வேண்டும் என்றார். ஓர் அறைக்குத் துய்மா, எதிர் அறைக்கு ரங்கப்பிள்ளை. ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு எழுதத் தொடங்கிய 1736-ல் இங்கே ஆளுநராக இருந்தவர் துய்மாதான் என்பதால், இந்த ஜோடியை நானே சிபாரிசு செய்தேன். வேலைக்கு எடுத்துக்கொண்டது இங்க்ஸ்கேப் 1.4. இலவசம், கட்டற்ற மென்பொருள், 2024 அக்டோபரில் வந்த பதிப்பு.

கோரல்டிராவில் ஏன் செய்யவில்லை என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. நம் ஊர் அச்சகம், ஃபிளெக்ஸ் கடை, ஸ்டிக்கர் கடை எல்லாம் கோரலில்தான் ஓடுகின்றன. அங்கே வேலை பார்க்கும் பையன்களுக்கு 'சி', 'ஈ' இரண்டு விசைகளும் விரல் நுனியில் இருக்கும். இரண்டு பொருளைத் தேர்ந்து அவற்றைத் தட்டினால் ஒன்றின் நடுவில் இன்னொன்று போய் உட்காரும். வேகத்தில் இங்க்ஸ்கேப் அதற்கு ஈடில்லை. சிக்கல் எழுத்துருவில் இருக்கிறது. பல கடைகளில் கோரலின் பழைய பதிப்புகளும், யூனிகோடுக்கு முந்திய எழுத்துருக்களும்தான் இன்னும் புழக்கத்தில் உள்ளன. 1999-ல் தமிழக அரசு தரப்படுத்திய டேப் குறியேற்றத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே எழுத்துருவில் ஆங்கிலமும் தமிழும் இருக்கும் ஏற்பாடு அது. 256 இடங்களில் முதல் பாதி ஆங்கிலத்துக்கு, மேல் பாதி தமிழுக்கு. சென்னைக்கு அது போதும். புதுச்சேரிக்குப் போதாது. பிரெஞ்சின் தலைக்குறியுள்ள 'எ'யும், பிரான்சுவா மர்த்தேன் பெயரில் வரும் வால் வைத்த 'சி'யும் வழக்கமாக உட்காரும் இடமே அந்த மேல் பாதிதான். எழுத்துருவை மாற்றிய கணமே பிரெஞ்சுக்காரர் பெயரின் நடுவில் ஒரு தமிழ் எழுத்து முளைத்துவிடும். கடைகளில் இதற்கு வைத்திருக்கும் வைத்தியம், தலைக்குறியை விட்டுவிடுவது அல்லது ஒரு காற்புள்ளியை வெட்டி அடியில் ஒட்டுவது.

யூனிகோடில் இந்தத் தொல்லை இல்லை. இங்க்ஸ்கேப் பாங்கோ, ஹார்ஃப்பஸ் ஆகிய நிரல்தொகுதிகளைக் கொண்டு எழுத்தைக் கோக்கிறது. அதனால் தமிழும் பிரெஞ்சும் ஒரே எழுத்துருவில் ஒழுங்காக வருகின்றன. பலூ தம்பி, முக்தா மலர் போன்ற இலவச எழுத்துருக்களில் இரண்டு வரிவடிவமும் ஒரே கை எழுதியதுபோல் இருக்கும். எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டினாலும் கொம்பும் காலும் தனித்தனியாகப் பிரிந்து ஓடுவதில்லை. பழைய எழுத்துருவில் 'கோ' என்பது மூன்று துண்டு. இடைவெளி கூட்டினால் 'கோயில் வீதி' என்பது யாரோ கலைத்துப் போட்ட சீட்டுக்கட்டு.

இனி அடுக்கும் விஷயத்துக்கு வருவோம். இங்க்ஸ்கேப்பில் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஏ மூன்றையும் அழுத்தினால் 'அலைன் அண்ட் டிஸ்ட்ரிபியூட்' பலகம் திறக்கும். பிரெஞ்சு வரியைத் தேர்ந்து நடுவில் நிறுத்தச் சொன்னேன், அழகாக நின்றது. தமிழ் வரிக்கும் அதையே செய்தேன். 'அண்ணா சாலை' சற்றுக் கீழே இறங்கியும், 'துய்மா வீதி' சற்று மேலே ஏறியும் நின்றன. இரண்டு பலகையையும் பக்கத்தில் வைத்தால் ஒன்று கோணலாக மாட்டியதுபோல் தெரிகிறது.

மென்பொருளில் பிழை எதுவும் இல்லை. 'அலைன்' பொத்தானுக்கு எழுத்து தெரியாது, எழுத்தைச் சுற்றியிருக்கும் பெட்டிதான் தெரியும். பெரிய எழுத்தில் அடித்த பிரெஞ்சுச் சொல்லுக்குத் தலையும் காலும் அநேகமாகச் சமம், ஆகவே பெட்டியின் நடுதான் கண்ணுக்கும் நடு. தமிழில் அப்படியா? 'துய்மா வீதி'யில் 'து'வின் சுழி அடிக்கோட்டுக்குக் கீழே தொங்குகிறது. 'ய்' தலையில் புள்ளி. 'வீ'க்கு மேலே வளைவு. 'அண்ணா சாலை'க்குப் புள்ளி உண்டு, தொங்கல் இல்லை. பெட்டியின் உயரமே சொல்லுக்குச் சொல் மாறும்போது நடு எங்கே நிற்கும்?

இங்க்ஸ்கேப்பில் இதற்கு மருந்து அதே பலகத்திலேயே இருக்கிறது. எழுத்துகளை அவற்றின் அடிக்கோட்டை வைத்து நேர்படுத்தும் பொத்தான்கள் தனியே உள்ளன. எழுத்துப் பொருள்களுக்கு மட்டும் வேலை செய்யும் அந்தப் பொத்தான்களைப் பலர் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். முதல் பலகையில் கண்ணால் பார்த்து அடிக்கோட்டின் உயரத்தை முடிவு செய்துகொண்டு, மற்ற எல்லாவற்றையும் அதன்படி நிறுத்திவிட்டால் சரியாகிவிடுகிறது. இதோடு இன்னொன்றும் செய்யவேண்டும். எழுத்தின் ஒழுங்கை இடப்பக்கத்திலிருந்து 'நடு'வுக்கு மாற்றிவிடுங்கள். அப்போதுதான் 'துய்மா'வை அழித்து 'ரங்கப்பிள்ளை' என்று அடிக்கும்போது சொல் வலப்பக்கமாக மட்டும் நீளாமல் இரு பக்கமும் சமமாக விரியும். சொல் நீண்டு கோட்டைத் தொட்டால் எழுத்தின் அளவைக் குறையுங்கள். பக்கவாட்டில் மட்டும் நசுக்குவது ஃபிளெக்ஸ் உலகத்தின் பழைய பாவம். நசுங்கிய தமிழில் நிற்கும் கோடுகள் மெலிந்து, படுக்கும் கோடுகள் அப்படியே தடித்து நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தால் எழுத்துக்கு மஞ்சள் காமாலை வந்தது மாதிரி இருக்கும்.

'பொத்தானை அழுத்தினேன், நகர வேண்டியது நிற்கிறது, நிற்க வேண்டியது நகர்கிறது' என்பது புதிதாக வருபவர்கள் எல்லோரிடமும் கேட்கும் புலம்பல். பலகத்தின் மேலேயே 'ரிலேட்டிவ் டு' என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் 'லாஸ்ட் செலக்டெட்' இருந்தால், கடைசியாக எதைத் தொட்டீர்களோ அது நிற்கும், மற்றவை அதை நோக்கி வரும். மவுஸை இழுத்து மொத்தமாக வளைத்துப் பிடித்தால் கடைசி எது என்று யாருக்குத் தெரியும்? 'பிக்கஸ்ட் ஆப்ஜெக்ட்' என்று மாற்றினால் பலகை நிற்கும், எழுத்து வரும். இதிலும் ஒரு பொறி உண்டு. பலகை நகரக்கூடாது என்று அதன் லேயரைப் பூட்டிவைப்பது நல்ல பழக்கம். பூட்டிய பொருளைத் தேர்ந்தெடுக்க முடியாது. தேர்ந்தெடுக்க முடியாததை 'பெரிய பொருள்' என்று மென்பொருள் எப்படிக் கணக்கில் கொள்ளும்? இந்த முட்டுக்கட்டைக்கு நல்ல வழி, பக்கத்தின் அளவையே பலகையின் அளவாக்கிவிட்டு, 'ரிலேட்டிவ் டு பேஜ்' என்று வைப்பது. 1.2 பதிப்பிலிருந்து ஒரே கோப்பில் பல பக்கங்கள் வைக்கலாம் என்பதால், அறைக்கு ஒரு பக்கம் என்று எல்லாப் பலகையும் ஒரே கோப்பில் அடங்கின.

லேயர் பலகம் அந்த 1.2-லிருந்தே பொருள்களையும் லேயர்களையும் ஒரே மரமாகக் காட்டுகிறது. முன்பு இரண்டு பலகங்களுக்கு நடுவே அலைய வேண்டும். ஆனால் கன்ட்ரோல்-ஏ இன்னமும் நடப்பு லேயரில் இருப்பதை மட்டும்தான் பிடிக்கும். எல்லா லேயரும் வேண்டுமென்றால் கூடவே ஆல்ட்டையும் அழுத்த வேண்டும். இது தெரியாமல் பாதிப் பலகையை மட்டும் நகர்த்திவிட்டுத் திகைப்பவர்கள் ஏராளம்.

நண்பர் பலகையின் நான்கு மூலையும் உள்வாங்கிய கால்வட்டக் கடியாக இருக்கவேண்டும் என்றார். பழைய பாணியில் செய்தால் மூலைக்கு ஒரு வட்டம் வைத்து 'டிஃபரன்ஸ்' போடவேண்டும். கோரல்காரர்கள் 'டிரிம்' என்பார்கள். டிஃபரன்ஸில் மேலே இருக்கும் பொருள்தான் கீழே இருப்பதை வெட்டும். அடுக்கு மாறினால் பலகை போய் வட்டத்தின் மிச்சம் கையில் வரும். ஒரே நேரத்தில் இரண்டு பொருளுக்குத்தான் இது வேலை செய்யும் என்பதால், நான்கு வட்டத்தையும் முதலில் 'யூனியன்' போட்டு ஒன்றாக்க வேண்டும். 1.3-ல் வந்த 'ஷேப் பில்டர்' கருவி இந்தத் தலைவலியைக் குறைக்கிறது. வேண்டிய பகுதியை இழுத்துச் சேர்க்கலாம், வேண்டாததை ஷிஃப்ட் அழுத்தி நீக்கலாம். எனக்கு அதைவிடப் பிடித்தது 'கார்னர்ஸ்' என்ற பாத் எஃபெக்ட். அதில் 'இன்வர்ஸ் ஃபில்லெட்' என்று ஒரு தேர்வு, அதுவே இந்த உள்கடி மூலை. ஆரத்தைப் பிறகும் மாற்றலாம், எதையும் நிரந்தரமாக வெட்ட வேண்டியதில்லை.

உள்ளே ஓடும் வெள்ளைக் கோட்டில்தான் கற்றுக்குட்டி வேலையும் தேர்ந்த வேலையும் பிரியும். பெரும்பாலானோர் பலகையை நகலெடுத்து 95 சதவீதமாகச் சுருக்குவார்கள். பலகை 600 மில்லிமீட்டர் அகலம், 300 உயரம் என்றால், அகலம் 570 ஆகும், பக்கத்துக்கு 15 மில்லிமீட்டர் இடைவெளி. உயரம் 285 ஆகும், மேலும் கீழும் வெறும் 7.5. கோடு பக்கங்களில் விலகியும் மேலும் கீழும் நெருங்கியும் ஓடும். சுருக்காமல் 'லிங்க்டு ஆஃப்செட்' கொடுத்து உள்பக்கம் 10 மில்லிமீட்டர் இழுங்கள். சுற்றிலும் ஒரே இடைவெளி. மூலைக்கடியின் ஆரம் 30 என்றால் உள்கோட்டில் அது 40 ஆகப் பெரிதாகும், ஏனென்றால் கடியின் மையம் பலகையின் மூலையில் இருக்கிறது. வெளிப்பக்கம் உருண்ட மூலையாக இருந்திருந்தால் 20 ஆகக் குறைந்திருக்கும். இந்தக் கணக்கை மென்பொருளே பார்த்துக்கொள்கிறது. மூலப் பலகையை மாற்றினால் உள்கோடும் கூடவே மாறுகிறது.

அளவில் இன்னொரு கோளாறு. 600 என்று அடித்த பலகை 604 என்று காட்டினால் பதற வேண்டாம். 4 மில்லிமீட்டர் கோட்டில் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, அதையும் சேர்த்துச் சொல்கிறது. பிரஃபரன்ஸில் 'விஷுவல் பவுண்டிங் பாக்ஸ்' என்பதை 'ஜியோமெட்ரிக்' ஆக்கிவிட்டால் கோட்டின் தடிமன் கணக்கில் வராது. வெட்டும் வேலைக்கு அதுதான் சரி.

ஸ்டிக்கர் கடையில் கோப்பைத் திறந்து பார்த்த தம்பி சொன்னார்: "அண்ணே, கர்வ் பண்ணிட்டீங்க, சரி. யூனியன் போடலியே. இப்படியே விட்டா பிளேடு எழுத்துக்குள்ள பூந்து வெட்டிடும்." உண்மைதான். பல தமிழ் எழுத்துருக்களில் 'தி'யின் கொக்கி தனித் துண்டு, உடல் தனித் துண்டு. திரையில் ஒன்றின் மேல் ஒன்று ஏறி ஒரே எழுத்தாகத் தெரியும். வினைல் வெட்டும் பிளாட்டருக்கு நிறம் தெரியாது, கோடு மட்டுமே தெரியும். ஏறிய இடத்திலெல்லாம் ஒரு வெட்டு விழுந்து, உரிக்கும்போது கொக்கி தனியே கையோடு வரும். தம்பி 'கர்வ்' என்று சொன்ன 'ஆப்ஜெக்ட் டு பாத்' கொடுத்து, குழுவை அவிழ்த்து, 'யூனியன்' போட்டபின் 'அவுட்லைன்' பார்வையில் ஒவ்வோர் எழுத்தையும் பார்த்துவிடுங்கள். எழுத்துக்குள் குறுக்கே கோடு எதுவும் ஓடக்கூடாது. வெள்ளைக் கோட்டையும் 'ஸ்ட்ரோக் டு பாத்' ஆக்கியாக வேண்டும். அடித்துத் திருத்தக்கூடிய மூலக் கோப்பைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். பாத் ஆக்கிய எழுத்தில் எழுத்துப்பிழை திருத்த முடியாது.

ஜிம்ப் 3.0-இலும் இதே பலகையை முயன்றேன். 2025 மார்ச்சில் வந்த அந்தப் பதிப்பில் பல லேயர்களை ஒரே நேரத்தில் தேர்ந்து அடுக்க முடிகிறது, லேயர்களைப் பிணைக்கும் பழைய சங்கிலிக் குறியோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. ஆனால் லேயர் என்பது எழுத்தைவிடப் பெரிய பெட்டி, இயல்பு அமைப்பில் சுற்றியுள்ள வெறுமையையும் சேர்த்தே நடுவைக் கணக்கிடுகிறது. 'கிராப் டு கன்டென்ட்' கொடுத்து வெறுமையை நறுக்கினால் ஓரளவு தேறும். அடிக்கோட்டை வைத்து அடுக்கும் வசதி இல்லை. படத்தைத் திருத்த ஜிம்ப், பலகைக்கு வேண்டாம்.

இங்க்ஸ்கேப்பின் பெரிய குறை அச்சில்தான். 1.4 வரை அதிலிருந்து சி.எம்.ஒய்.கே. நிறத்தில் பி.டி.எஃப். எடுக்க முடியாது. திரையில் பளிச்சென்ற நீலம் ஃபிளெக்ஸில் ஊதாப்பக்கம் சாய்ந்துவிடும். கோரல் கோப்புகளை அது திறக்கும், ஆனால் எழுத்தும் நிழலும் சிதறாமல் வரும் என்று நம்பி வாக்குக் கொடுக்காதீர்கள். கடைக்காரர் கோரல் கோப்புதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், எல்லாவற்றையும் கர்வ் ஆக்கிய பி.டி.எஃப். கொடுங்கள், அதைக் கோரல் ஏற்றுக்கொள்ளும். கற்றுக்கொள்ள ஆள் தேடுபவர்களுக்கு, புதுச்சேரியில் எஃப்.எஸ்.எச்.எம்., பக்கத்தில் விழுப்புரத்தில் வி.ஜி.எல்.யு.ஜி. என்று கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களின் அமைப்புகள் இருக்கின்றன.

ஒரு நாளைக்கு இருபது பேனர் முடிக்கும் கடைக்கு இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். வீட்டுப் பெயர்ப்பலகை, விடுதி, சின்னக் கடை, பள்ளி என்று தமிழும் பிரெஞ்சும் கலந்து வேலை பார்ப்பவர்கள் தாராளமாக இறங்கலாம். நிறத்தைப் பற்றிய கவலை இருந்தால் பலகையை அச்சடிக்காமல் வினைலில் வெட்டச் சொல்லுங்கள். நீலத்தை மென்பொருளில் தேட வேண்டியதில்லை, கடையில் இருக்கும் ரோல்களில் பிடித்ததைக் காட்டினால் போதும்.