காற்றோடு ஓடும் பலகைக்கு ஏற்ற ஃபின்

நின்றபடி துடுப்புப் போடும் பலகையில், காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு திறந்த நீரில் ஓடுவதை டவுன்விண்ட் என்கிறார்கள். காற்று எழுப்பும் அலையின் முகத்தில் பலகையை இறக்கி, அதன் வேகம் தீர்வதற்குள் அடுத்த அலைக்குத் தாவி, கைக்கு வேலையைக் குறைத்துக்கொண்டே தொலைவைக் கடப்பதுதான் இந்த ஓட்டத்தின் சாரம். பலகையின் வாலுக்கு அடியில் ஏறக்குறைய ஒரு சாண் ஆழத்துக்கு இறங்கி நிற்கும் ஃபின் இதற்குத் துணையாகவும் இருக்கலாம், தடையாகவும் இருக்கலாம். பெரும்பாலோர் அதைத் தேர்ந்தெடுப்பது ஓர் எளிய விதியை வைத்து: நிலையாக நிற்கப் பெரியது, வேகமாகப் போகச் சிறியது. இந்த விதியில் உண்மை உண்டு. ஆனால் ஏரியிலும் ஆற்று உப்பங்கழியிலும் உருவான அனுபவம் அது. அலைமேல் ஓடும் பலகைக்கு அதை அப்படியே பொருத்தும்போது பல இடங்களில் வழி தவறிவிடுகிறது.

அலையின் கணக்கிலிருந்து தொடங்கினால் இது விளங்கும். ஆழமான நீரில் 4 வினாடிக்கு ஒரு முகடு வரும் காற்றலை மணிக்கு ஏறத்தாழ 22 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். முகட்டுக்கும் முகட்டுக்கும் இடையே சுமார் 25 மீட்டர் இருக்கும். நல்ல பயிற்சி உள்ளவரும் துடுப்பை மட்டும் நம்பி நெடுநேரம் தாங்கக்கூடிய வேகம் 8 அல்லது 9 கிலோமீட்டர்தான். ஆகவே பின்னாலிருந்து வரும் முகடு வாலைத் தூக்கும் கணத்தில் நாலைந்து முறை பலமாக வலித்து, அதன் சரிவில் இறங்கி வேகம் பிடிக்கிறார்கள். பிடித்த அலையும் நிலைப்பதில்லை. அலைக்கூட்டத்தின் ஆற்றல் தனி முகட்டின் வேகத்தில் பாதியில்தான் நகர்கிறது. அதனால் முன்னே ஓடும் முகடு கரைந்துகொண்டே போகும், புதிய மேடு பக்கத்தில் எங்கோ எழும்பும். எங்கே பள்ளம் திறக்கிறது என்று பார்த்து, இடமோ வலமோ பலகையைச் சாய்த்துக்கொண்டு போகிறவரே தொடர்ந்து சறுக்குகிறார். நேர்க்கோட்டைக் காப்பதைவிடக் கோணத்தை மாற்ற இடம் கொடுப்பதே இங்கே ஃபின்னின் பெரிய வேலை.

இன்னொரு சிக்கல் வேகத்தில் இருக்கிறது. ஃபின் தரும் பக்கவாட்டு விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. 8 கிலோமீட்டரில் ஓடும் பலகை 20 கிலோமீட்டருக்கு எகிறினால் அதே ஃபின் அதே கோணத்தில் ஆறு மடங்குக்கு மேல் விசை தருகிறது. அமைதியான நீரில் பிடிப்புப் போதாது என்று தோன்றிய ஃபின்னுக்கு அலையின் முகத்தில் பிடிப்பு மிஞ்சிவிடலாம். டவுன்விண்ட் பலகை திரும்பத் திரும்ப இந்த இரு வேகங்களுக்கும் இடையே போய்வருகிறது. கடைக்குப் பக்கத்திலுள்ள குளத்தில் சோதித்து வாங்கும் ஃபின் இவற்றில் ஒரு வேகத்தை மட்டுமே பார்த்திருக்கும்.

பெரிய ஃபின்னுக்காகச் சொல்லப்படும் வாதங்களில் வலுவானது உருளலைப் பற்றியது. பலகை இடவலமாக உருளும்போது ஃபின் நீரைத் தள்ள வேண்டியிருக்கிறது, அந்த எதிர்ப்பு உருளலை மெதுவாக்குகிறது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், சாய்ந்த பலகையை ஃபின் நிமிர்த்துவதில்லை. நிமிர்த்துவது பலகையின் அகலமும் ஏறி நிற்பவரின் பாதமும். ஃபின் கொடுப்பது சற்று நேரம், பாதம் திருத்திக்கொள்ளும் அளவுக்கு நேரம். அந்த நேரத்தை அதிகம் தருவது பரப்பைவிட ஆழமே. உருளும் அச்சிலிருந்து தள்ளிப்போகப் போக ஃபின்னின் ஒவ்வொரு பகுதியும் அதிக வேகத்தில் பக்கவாட்டில் நகர்கிறது, அதன் நெம்பும் தூரமும் கூடுகிறது. அதனால் பரப்பை மாற்றாமல் 7 அங்குல ஃபின்னை 9 அங்குல ஆழத்துக்கு ஒடுக்கி நீட்டினால், உருளலைத் தடுக்கும் திறன் கணக்குப்படி ஒன்றரை மடங்குக்கு மேல் உயரும். நிலைப்பு வேண்டி அடி அகலமான பெரிய ஃபின்னை வாங்குகிறவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் நேர்க்கோட்டுப் பிடிவாதம்தான். நிலைப்பில் கிடைக்கும் ஆதாயம் சொற்பம். மேலும் இந்தத் தடுப்பு, பலகை ஓடும்போதுதான் முழுமையாக வேலை செய்கிறது. அலை கடந்துபோய் வேகம் செத்த கணத்தில் பெரிய ஃபின்னும் அவ்வளவாக உதவாது. பலர் விழுவது அந்தக் கணத்தில்தான்.

சிறிய ஃபின்னுக்கான வாதம் உராய்வைச் சொல்கிறது. 14 அடிப் பலகை நீரில் நனைக்கும் பரப்பு ஏறத்தாழ 2 சதுர மீட்டர். நடுத்தர அளவுள்ள ஃபின் இரு பக்கமும் சேர்ந்து 0.05 சதுர மீட்டர் அளவில் இருக்கும், அதாவது நாற்பதில் ஒரு பங்கு. ஃபின்னில் மூன்றில் ஒரு பகுதியைக் குறைத்தாலும் மிச்சமாகும் உராய்வு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. சறுக்கும்போது பலகையின் முன்பகுதி நீரைவிட்டு எழுவதால் ஃபின்னின் பங்கு சற்றுக் கூடும் என்பது உண்மை. அப்போதும் கணக்கு பெரிதாக மாறாது. ஒரே ஓர் அலையில் வால் நழுவித் தவறவிடும் தூரம் இந்த மிச்சத்தையெல்லாம் விழுங்கிவிடும். சிறிய ஃபின்னின் உண்மையான பலன் திருப்பத்தில் இருக்கிறது. அதை வேகத்தின் பெயரால் விற்பதுதான் குழப்பத்துக்குக் காரணம்.

வால் எப்படி நழுவுகிறது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். குறுகிய, செங்குத்தான அலையில் மூக்கு முன்பள்ளத்தில் குத்துகிறது, வாலை முகடு தூக்குகிறது. பலகையைப் பக்கவாட்டில் பிடித்து வைத்திருக்கும் நீர் இப்போது மூக்கிலேயே இருக்கிறது. வாலில் இருப்பது பாதி வெளியே வந்த ஃபின் மட்டும். நீருக்குள் மிஞ்சிய பகுதி ஒரு பக்கம் அழுத்தம் குறைந்து, மேற்பரப்பிலிருந்து காற்றைக் கீழே இழுத்துக்கொள்கிறது. நீருக்குப் பதில் காற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஃபின்னுக்குப் பிடி இல்லை. பலகை அலைக்குக் குறுக்கே சுழல்கிறது, நிற்பவர் அலையின் பக்கம் சரிகிறார். இவ்வளவும் ஒரு வினாடிக்குள் முடிந்துவிடும். இதைத் தடுப்பதும் ஆழம்தான். நுனி அடிநீரில் ஊன்றியிருக்கும் ஃபின், வால் எழுந்தாலும் பிடியை முழுதாக இழப்பதில்லை.

ஆழத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுப்பதிலும் குறை இருக்கிறது. ஒடுங்கி, நிமிர்ந்து, ஆழமாக நிற்கும் ஃபின் குறைந்த இழுவையில் நிறைய விசை தரும். ஆனால் கோணம் சற்றுக் கூடியதும் பிடி சட்டென்று அறுந்துபோகும். பின்னோக்கிச் சாய்ந்த, அடி அகன்ற ஃபின் பெரிய கோணம் வரை தாங்கும், விடும்போதும் முன்னறிவிப்புக் கொடுத்து மெல்ல விடும். சர்ஃப் பலகையின் வரலாறு இந்த இரண்டுக்கும் இடையே அலைந்திருக்கிறது. 1935-இல் டாம் பிளேக் ஹவாயில் ஒரு மோட்டார் படகின் அடிப்பட்டையைத் தம் பலகையில் பொருத்தியபோது வால் நழுவாமல் இருந்ததே பெரிய முன்னேற்றம். 1960-களில் ஜார்ஜ் கிரீனோ மீன்களின் உறுப்பமைப்பைக் கவனித்து, ஒடுங்கி வளைந்து நெகிழும் ஃபின்களைச் செய்தார். இன்றைய டவுன்விண்ட் ஃபின்களின் வளைந்த வடிவத்தில் அந்தச் சிந்தனையின் சாயல் தெரிகிறது. பலகையைக் கோணத்தில் ஓட்டப் பழகிக்கொண்டிருப்பவருக்கு மிதமான பின்சாய்வே நல்லது. பிடி அறுவதைக் காலால் உணர்ந்து திருத்தத் தெரிந்தவருக்கு நிமிர்ந்த வடிவம் அதிகம் தரும்.

ஓடும் இடம் இந்தத் தேர்வைப் பெரிதும் மாற்றுகிறது. ஹவாயின் மாவி தீவின் வடகரையில் மாலிக்கோ பள்ளத்தாக்கிலிருந்து கஹுலூய் துறைமுகம் வரை சுமார் 15 கிலோமீட்டர் ஓட்டம் உலகப் புகழ் பெற்றது. அங்கே வடகிழக்கு வாணிபக் காற்றில் அலைகள் நீண்டு வருகின்றன, எளிதில் திரும்பும் நடுத்தர ஃபின் அங்கு இனிக்கும். மொலோக்காய் தீவிலிருந்து ஓவாஹு தீவு வரை கைவி கால்வாயைக் கடக்கும் போட்டி, குப்புறப் படுத்துக் கையால் வலிக்கும் பலகைகளுக்காக 1997-இல் தொடங்கி, பின்னர் நின்று ஓட்டுகிறவர்களுக்கும் திறந்தது. அதன் 32 மைல்களில் பெரும்பகுதி காற்றோடு ஓடுவது. ஆனால் போர்ட்லாக் முனையைச் சுற்றி மவ்னலுவா விரிகுடாவுக்குள் திரும்பும் கடைசிக் கட்டத்தில் காற்று பக்கத்திலிருந்தும் எதிரிலிருந்தும் அடிக்கிறது. கால் ஓய்ந்துபோன நேரத்தில் ஒரே பக்கம் துடுப்புப் போட்டுப் பலகையை நேராக்கிக்கொண்டே போக வேண்டிவரும். நடுக்கடலின் சறுக்கலை மட்டும் எண்ணிச் சிறிய ஃபின்னைப் பூட்டியவர் அங்கே அதற்கான விலையைக் கொடுக்கிறார். பாதையின் மிகக் கடினமான பகுதி எது என்று பார்த்து, அதற்கு ஈடுகொடுக்கும் ஃபின்னைப் போடுவதே நீண்ட ஓட்டங்களுக்குப் பொருந்தும்.

அமெரிக்காவின் கொலம்பியா ஆறு வேறு பாடம் சொல்கிறது. ஆறு மேற்கு நோக்கி ஓடுகிறது. கோடையில் காற்று மேற்கிலிருந்து அதை எதிர்த்து வீசுகிறது. நீரோட்டமும் காற்றும் மோதுவதால் ஹூட் ரிவர் நகரை ஒட்டிய நீரில் அலைகள் நெருக்கமாகவும் செங்குத்தாகவும் எழும், வால் ஓயாமல் தூக்கப்படும். ஆழமான ஃபின்னின் அருமை அங்கே தெரியும். தென்னாப்பிரிக்காவில் மில்லர்ஸ் பாயின்ட்டிலிருந்து ஃபிஷ் ஹூக் வரை சுமார் 12 கிலோமீட்டர் ஓடுகிறவர்களுக்குத் தென்கிழக்குக் காற்று தாராளமாகக் கிடைக்கிறது, கூடவே கெல்ப் எனும் பெரிய கடற்பாசியும் கிடைக்கிறது. நிமிர்ந்த ஃபின்னில் ஒரே ஒரு தண்டு மாட்டினாலும் பலகை நங்கூரம் போட்டதுபோல் நின்றுவிடும். அங்கே வெகுவாகப் பின்சாய்ந்த ஃபின் வேண்டும். ஆழம் குறைவதும் திருப்பம் மந்தமாவதும் அதனால் வரும் குறைகள். பாசி உள்ள நீரில் அவற்றைப் பொறுத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

ஃபின்னை மாற்றாமலேயே கிடைக்கும் மாற்றம் ஒன்று இருக்கிறது. அதைப் போதிய அளவு யாரும் பயன்படுத்துவதில்லை. பெரும்பாலான கெட்டிப் பலகைகளில் ஃபின் பூட்டும் பள்ளம் சுமார் 10 அங்குல நீளம். அடி ஒடுங்கிய ஃபின் அதில் மூன்று அங்குலமாவது முன்னும் பின்னும் நகரும். ஆறடிக்கும் அதிகமான பலகைப்பாதி முன்னே நீண்டிருக்க, மூன்று அங்குலம் என்ன செய்துவிடும் என்று தோன்றலாம். விடை பாதத்தில் இருக்கிறது. துடுப்பு வலிக்கும்போது நிற்பவர் பலகையின் நடுவில் இருக்கிறார், ஃபின் அவருக்கு ஐந்தாறு அடி பின்னால். அலையில் இறங்கும்போது மூக்கு குத்தாமலிருக்க அவர் பின்னோக்கி அடி வைக்கிறார். பின்னங்கால் ஃபின்னுக்கு இரண்டடி தூரத்துக்கு வந்துவிடும். பலகை திரும்புவது இப்போது அந்தக் காலைச் சுற்றி. இரண்டடியில் மூன்று அங்குலம் என்பது எட்டில் ஒரு பங்கு, அது காலுக்கு நன்றாகவே தெரியும். ஃபின்னை முன்னே தள்ளினால் பின்னங்காலால் பலகையைத் திருப்புவது இலகுவாகும், வால் எழும்போது ஃபின்னும் சற்றுத் தாமதமாகவே நீரைவிட்டு வெளிவரும். பின்னே தள்ளினால் பக்கக் காற்றில் பலகை நேராக நிற்கும். முன்முனையின் திருகைத் தளர்த்தி, ஃபின்னை அரை அங்குலம் நகர்த்தி, பள்ளத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு மீண்டும் இறுக்க இரண்டு நிமிடம் போதும். புதிய ஃபின் வாங்கும் முன் இதைச் செய்து பார்க்காதவர்கள்தான் அதிகம்.

பொருளும் விறைப்பும் இவ்வளவு முக்கியமில்லை. அடி கெட்டியாகவும் நுனி சற்று நெகிழ்ந்தும் இருக்கும் கண்ணாடியிழை ஃபின் பெரும்பாலோருக்குப் போதுமானது. கார்பன் எடை குறைவு, விறைப்பு அதிகம். ஆனால் வாலில் சில பத்து கிராம் குறைவதால் டவுன்விண்ட் ஓட்டத்தில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. மொத்தமாக வார்த்த பிளாஸ்டிக் ஃபின் மட்டும் தவிர்க்கத் தக்கது. வேகத்தில் அது வளைந்து, பிடி எவ்வளவு என்று நிற்பவருக்கு நிச்சயமில்லாமல் செய்துவிடும்.

நீளத்துக்கு வரம்பு இல்லாத பிரிவுகளில் காலால் திருப்பும் சுக்கான் பொருத்திய பலகைகள் ஓடுகின்றன. கோணத்தை ஒவ்வோர் அலைக்கும் மாற்ற முடிவதால் மேலே சொன்ன சிக்கல்களில் பாதி அவற்றுக்கு இல்லை. பக்கக் காற்றிலும் இரு பக்கமும் மாற்றி மாற்றித் துடுப்புப் போடலாம். அசையும் உறுப்பு பழுதாகும் வாய்ப்பு, விலை, 14 அடிப் பிரிவின் விதிகள் ஆகியவை பலரை நிலையான ஃபின்னோடு இருக்கச் செய்கின்றன. அப்படி இருப்பவர்களின் தேர்வு எதுவானாலும் அது ஒரு சமரசம்தான்.

அந்தச் சமரசத்தை விற்பனை அட்டையில் அச்சிட்ட பரப்பளவைக் கொண்டு முடிவு செய்வதுதான் இன்றைய வழக்கத்தின் முக்கியமான குறை. எண்கள் ஒப்பிட உதவும். ஒரே பரப்புள்ள இரண்டு ஃபின்களில் எது ஆழமானது, எது சாய்ந்தது என்று பார்க்கவாவது அவை வேண்டும். ஆனால் நிற்பவரின் எடை, பலகையின் வால் அகலம், அவர் எவ்வளவு பின்னே அடி வைக்கிறார் என்பவை எந்த அட்டையிலும் இல்லை. எடை கூடியவர் வாலை ஆழமாக அமிழ்த்துவதால் சிறிய ஃபின்னோடும் பிடிப்பு பெறுகிறார். வால் அகன்ற பலகை அலையில் எளிதாக மேலெழும்புவதால் இன்னும் ஆழமான ஃபின்னைக் கேட்கிறது. சோதனை அதே பாதையில், ஒத்த காற்றில், ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றத்தோடு நடக்க வேண்டும். கவனிக்க வேண்டியவை இரண்டு: அலையில் இறங்கிய பின் பலகையை முப்பது பாகை பக்கவாட்டில் திருப்ப எவ்வளவு பலம் வேண்டியிருக்கிறது, வால் எழும்போது பிடி எங்கே விடுகிறது. முதலாவது கடினமாக இருந்தால் அடி ஒடுங்கிய ஃபின் அல்லது முன்னே தள்ளிய இடம். இரண்டாவது அடிக்கடி நிகழ்ந்தால் கூடுதல் ஆழம். இப்படிப் பார்த்தால் பெரும்பாலோருக்கு இரண்டு ஃபின்கள் போதும், 8 அங்குலத்தை ஒட்டிய ஆழமும் மிதமான சாய்வும் உள்ள ஒன்று, பாசி உள்ள நீருக்கு வெகுவாகச் சாய்ந்த மற்றொன்று. இவற்றோடும் ஒருவர் ஓயாமல் விழுகிறார் என்றால் மூன்றாவது ஃபின்னுக்குச் செலவிடும் பணத்தை ஓர் அங்குலமோ இரண்டு அங்குலமோ அகலம் கூடிய பலகைக்குச் சேர்த்து வைப்பது நல்லது.