மலைநாட்டில் ஒரு கிலோமீற்றர்

உருண்டையான பூமியைத் தட்டையாக விரிக்கும் முறைக்கு எறியம் என்று பெயர். அதில் நேரும் பிழைகளுக்கெல்லாம் முதலில் திட்டு வாங்குபவர் மேர்கேற்றர். அவர் 1569இல் கடலோடிகளுக்காக வகுத்த எறியத்தின் வழிவந்த ஒன்றைத்தான் கூகுள் வரைபடமும் எடுத்துக்கொண்டது. கிறீன்லாந்து அதில் ஆபிரிக்கா அளவுக்கு ஊதித் தெரிகிறது. குறை உண்மைதான். ஆனால் இலங்கை மலைநாட்டின் நுவரெலியாவிலும் ஹட்டனிலும் தூரக்கணக்கு பிசகினால், பழியை அங்கே போடுவது நியாயமில்லை.

அந்த எறியத்தில் பூமத்திய ரேகையை விட்டு விலக விலக நீளம் பெருகும். லண்டனில் 1,000 மீற்றர் ஏறத்தாழ 1,600 ஆகிவிடும். 7 பாகை வடக்கிலுள்ள நுவரெலியாவிலோ 1,007.5 மீற்றர்தான். அதுவும் தட்டைப் படத்தின் மேலேயே அளந்தால். கைத்தொலைபேசியில் இரண்டு புள்ளிகளைத் தொட்டுத் தூரம் கேட்டால், நல்ல செயலிகள் அகலாங்கு நெட்டாங்குகளைக் கொண்டு பூமியின் வளைவிலேயே கணக்கிட்டுச் சொல்லும்.

நில அளவைத் திணைக்களத்தின் கட்டம் இதைவிட நுட்பமானது. அது பயன்படுத்தும் குறுக்கு மேர்கேற்றர் எறியத்தின் தொடக்கப் புள்ளி, நுவரெலியா நகருக்கு மேலே 2,524 மீற்றர் உயரத்தில் நிற்கும் பீதுருதலாகலை உச்சிதான். தேயிலை மலைகள் அந்த எறியத்தின் நடு மடியில் கிடக்கின்றன. எறியத்தால் கிலோமீற்றருக்கு 8 சென்ரிமீற்றர் குறைகிறது. நகரம் இருக்கும் உயரத்திலிருந்து கடல்மட்டத்துக்கு இறக்கிக் கணக்கிடுவதால் இன்னும் 30 சென்ரிமீற்றர் போகிறது. ஒரு தோட்டத்துக்கு இது பொருட்டே இல்லை. எச்சரிக்கை வேறிடத்தில் வேண்டும்: கண்டவளை என்ற பழைய அளவை ஆதாரத்தில் வரைந்த தோட்டப்படத்தின் ஆள்கூறுகளை மாற்றாமல் செய்மதிப் படத்தின் மேல் ஏற்றினால், எல்லைகள் ஏறக்குறைய 200 மீற்றர் நகர்ந்து விழும்.

பெரிய பிழை சரிவில்தான் இருக்கிறது. வரைபடம் கிடைமட்டத் தூரத்தையே சொல்லும். 30 பாகைச் சரிவுள்ள மலையில் படம் 200 மீற்றர் என்றால், கொழுந்துப் பையோடு ஏறுகிறவர் நடப்பது 231 மீற்றர்; அதில் செங்குத்தாக ஏறுவது 115 மீற்றர். எறியத்தின் பிழை ஒரு வீதம்கூட இல்லாத இடத்தில் சரிவின் பிழை 15 வீதம். ஏக்கர் கணக்கில் புல்வெட்டும் வேலை கொடுத்தாலும் இதே கதைதான்: ஒரு ஏக்கருக்குக் கூலி, ஏறக்குறைய 1.15 ஏக்கர் நிலத்தில் உழைப்பு. இதை யாரும் கேட்காமலிருப்பது எனக்குப் பெரிய அநீதியாகப் படுகிறது.

காணி விடயத்தில் மட்டும் கிடைமட்ட அளவே சரி. துண்டுகளைக் கூட்டினால் மொத்தக் காணி வரவேண்டும். வீட்டின் தரையும் மட்டமானது. ஆனால் அந்த அளவு முழு உண்மையையும் சொல்வதில்லை. லயத்தை விட்டு வெளியேறும் குடும்பத்துக்குத் தனிவீட்டுத் திட்டத்தில் பேசப்பட்ட 7 பேர்ச்சஸ் என்பது 177 சதுர மீற்றர். 25 பாகைச் சரிவில் 10 மீற்றர் அகலத்துக்கு மட்டம் வெட்ட நினைத்தால், மேல் ஓரத்துக்கும் கீழ் ஓரத்துக்கும் 4.7 மீற்றர் உயர வித்தியாசம். மண் அணைக்கும் சுவருக்குப் போன இடம் உறுதிப்பத்திரத்தில் தெரியாது.

எல்லாவற்றிலும் மோசமானது நேர்கோட்டுத் தூரம். வைத்தியசாலையை நடுவில் வைத்து 5 கிலோமீற்றர் வட்டம் போட்டு, உள்ளே இருப்பவர்களுக்குச் சேவை எட்டுகிறது என்று திட்டமிடுவது கணினியில் ஒரு நிமிட வேலை. காசல்ரீ, மவுஸ்சாகலை நீர்த்தேக்கங்களின் எதிர்க்கரையில் இருக்கும் லயங்களும் அந்த வட்டத்துக்குள் வந்துவிடும். பாதையோ நீரைச் சுற்றிக்கொண்டு போகிறது. றம்பொடைப் பக்கத்து வளைவுகளைப் போன்றவற்றை நான்கைந்து புள்ளிகளால் இணைத்து வரைந்த சாலைப்படமும் நீளத்தை விழுங்கிவிடும். வளைவுகளை நெருக்கமாகப் பதியாத படத்தில் எந்த எறியம் இருந்தும் பயனில்லை.

உயரத் தரவு இப்போது இலவசமாகக் கிடைக்கிறது. 2000ஆம் ஆண்டு விண்ணோடத்திலிருந்து ராடாரால் அளந்தது 30 மீற்றர் சதுரங்களாக இருப்பதால் மண்வெட்டின் விளிம்பை அது காட்டாது. மலையின் சரிவைக் கணக்கிட அது போதும். ஆகவே பிரதேச செயலகங்களுக்கும் சுகாதாரத் திட்டமிடுவோருக்கும் ஒரு வேண்டுகோள்: தோட்டங்களுக்கான படங்களில் வட்டம் போடுவதை நிறுத்துங்கள். லயத்து வாசலிலிருந்து வைத்தியசாலை வாசல்வரை உள்ள பாதைத் தூரத்தையும், மழை நாளில் அதற்குப் பிடிக்கும் நேரத்தையும் எழுதுங்கள்.