உடலில்லாக் கல்லறைகள்: கலிப்போலியின் 57-ஆவது ரெஜிமென்ட் நினைவிடம்

துருக்கியின் கலிப்போலி தீபகற்பத்தில், ஆன்சாக் (ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படை) போர்முனைக்கு மேலுள்ள குன்றில் 57-ஆவது காலாட்படை ரெஜிமென்ட்டின் நினைவிடம் இருக்கிறது. கல்கோபுரம், திறந்தவெளித் தொழுகையிடம், வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கல்லறைக் கற்கள் என எல்லாம் உண்டு. ஆனால் இந்தக் கற்கள் 1992-இல் நடப்பட்டவை. இவற்றின் கீழ் அந்தந்தப் பெயருக்குரிய உடல் இல்லை. உடலில்லாமல் கல்லறை எழுப்புவது சரியா?

சரிதான் என்பதற்கு வலுவான காரணங்கள் உள்ளன. 1915-இல் தொடங்கிய கலிப்போலிப் போரில் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வீரர்களைவிட, அன்று துருக்கியை ஆண்ட ஒட்டோமான் பேரரசின் வீரர்களே அதிகம் மடிந்தார்கள். ஆயினும் நேச நாட்டவருக்கு அரசு ஆணையம் ஒன்று ஒழுங்கான கல்லறைத் தோட்டங்களை அமைத்துத் தந்தது. ஒட்டோமான் வீரர்களில் மிகப் பலர் பெயரில்லாப் பொதுக்குழிகளில் புதைக்கப்பட்டார்கள். பேரரசே சரிந்து, 1922 வரை போர் தொடர்ந்த நாட்டில் எலும்புகளை அடையாளம் காண யாருக்கும் அவகாசமில்லை. அந்த வீரர்களுக்குக் குடும்பப் பெயரும் கிடையாது. அதற்கான சட்டம் 1934-இல்தான் வந்தது. தந்தை பெயரும் ஊரும் மட்டுமே அடையாளம். அந்த எளிய மனிதர்களைத் தளபதிகளின் நிழலிலிருந்து மீட்டுத் தனித்தனிப் பெயர்களாக நிறுத்தியது இந்த இடத்தின் பெரிய சாதனை. தேடிவரும் பேரப்பிள்ளைகள் கைவைத்து வேண்டிக்கொள்ள ஒரு கல்லாவது இருக்கிறது.

குறை வேறிடத்தில் இருக்கிறது. உண்மையான இடுகாட்டின் தோற்றத்தையே இது முழுக்க எடுத்துக்கொள்கிறது. விவரம் அறியாமல் வருபவர், காலடியில் வீரர் உறங்குவதாகவே நம்பித் திரும்புகிறார். அதன்மேல் ஒரு கட்டுக்கதையும் ஏறியிருக்கிறது: இந்த ரெஜிமென்ட் கலிப்போலியில் கடைசி ஆள்வரை அழிந்தது என்பார்கள். முஸ்தபா கெமால் தலைமையிலான 19-ஆவது டிவிஷனைச் சேர்ந்த இந்தப் படை முதல் நாளிலேயே பேரிழப்பைச் சந்தித்தது உண்மை. ரெஜிமென்ட்டின் தளபதி ஹுசைன் அவ்னி 1915 ஆகஸ்டில் கொல்லப்பட்டார். ஆனால் படை மீண்டும் ஆள்சேர்த்து, கிழக்கு ஐரோப்பாவின் கலீசியாவிலும் பின்னர் பாலஸ்தீன முனையிலும் போரிட்டது. முழு அழிவு என்ற கதை, உயிர்பிழைத்து வேறு களங்களில் மாண்டவர்களை மறக்கடிக்கிறது.

இன்னொரு குறை, ஒற்றை அடையாளம். இதே டிவிஷனின் 72, 77-ஆவது ரெஜிமென்ட்டுகளில் பெரும்பாலோர் அரபியர். இன்றைய துருக்கிய தேசத்தின் கதையாக மட்டும் சொல்லும்போது, பல இனத்தார் சேர்ந்த பேரரசுப் படை மங்கிவிடுகிறது.

எதிர்த்தரப்பும் இதே சிக்கலைச் சந்தித்தது. எலும்பு எதுவெனத் தெரியாத இடங்களில், இவர் இந்தத் தோட்டத்தில் புதைக்கப்பட்டிருப்பதாக நம்பப்படுகிறது என்று கல்லிலேயே எழுதினார்கள். அந்த ஒரு வரி மரியாதையைக் குறைக்கவில்லை; பார்ப்பவரை ஏமாற்றவும் இல்லை.

ஆகவே கற்களை அகற்ற வேண்டியதில்லை. இவை நினைவுக்கற்கள், உடல்கள் இம்மலை முழுவதும் கிடக்கின்றன என்று வாசலில் தெளிவாக எழுதினால் போதும். போரில் இறந்தவர்களுக்குச் செய்யும் மரியாதையில் உண்மையும் ஒரு பகுதி.