குழூஉக்குறியும் வன்மமும்: ‘இன்செல்’, ‘ஐட்டம்’ ஆகிய சொற்களை முன்வைத்து

1. நன்னூலார் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூவகைப்படுத்துவர். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பது குழூஉக்குறிக்கு உரையாசிரியர்கள் காட்டும் சான்று. இக்குறி பொருளைப் பிறரிடமிருந்து மறைக்கிறதேயன்றி மதிப்பிடுவதில்லை. பெண்கள் தம்மை மறுத்ததாகக் கருதி வன்மம் கொண்ட ஆடவர் குழுக்களின் சொற்களையும் குழூஉக்குறியாக மட்டும் கொண்டு, நேர்ப்பொருள் தந்து அமைந்துவிடுவது மொழிபெயர்ப்பில் எளிதில் நேரும் பிழை. அதன் விளைவை மும்பைச் சூழலில் வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

2. ‘இன்செல்’ என்பது, விரும்பியும் துணை அமையாத இருபாலாரையும் குறிக்க, 1997இல் டொரன்டோவில் மாணவி ஒருவர் வழங்கிய தொடரின் குறுக்கம். ஆறுதலுக்கெனத் தோன்றிய அச்சொல்லை ஆடவர் குழுக்கள் பின்னர்த் தமதாக்கிக்கொண்டன. 2018இல் அதே நகரில் வேனை ஏற்றிப் பலரைக் கொன்றவன், சற்று முன்னர்த் தன் பதிவில் இச்சொல்லை ஆண்டிருந்தான். துணையற்றவர் என்னும் சுட்டுப்பொருள் பெரிதும் மாறவில்லை. ‘எனக்கு உரியதைப் பெண் தர மறுத்தாள்’ என்னும், சொல்லப்படாமலே ஏற்கப்படும் முற்கோள் அதன்மேல் ஏறியது. ‘துணையற்றவர்’ எனப் பெயர்ப்பவர் இம்முற்கோளைக் கைவிடுகிறார். 2011இல் திரைப்பாடல் வழியே பரவிய ‘சூப் பாய்’ விளையாட்டுச் சொல்லே. எனினும் காதலில் தோற்றவன் என்பதோடு, தோல்விக்குக் காரணம் அவள் என்னும் குறிப்பையும் அது சுமக்கிறது.

3. மறுப்பை இழப்பாகக் கருதவேண்டுமாயின் பெண் முதலில் உடைமைப் பொருளாக வேண்டும். ‘இன்செல்’ குழுக்கள் ஆளும் ‘ஃபீமாய்டு’ பெண்ணை மனித உருவம் கொண்ட ஏதோ ஒன்றாக்குகிறது. மும்பைத் தெருவழக்கில் இத்தொழிலைச் செய்வது ‘ஐட்டம்’. மாதுங்கா உணவகத்தில் தின்பண்டத்தைக் குறிக்கும் இதே சொல், மும்பை இந்தியில் கவர்ச்சியான பெண்ணையோ காதலியையோ குறிக்கும். தமிழ்நாட்டுக் கொச்சை வழக்கில் பாலியல் தொழிலாளியைச் சுட்டும் வசையாகும். தாராவியிலும் செம்பூரிலும் இரு மொழிகளையும் ஒருங்கே பேசும் தமிழர்க்கு இரு பொருளும் அருகருகே கிடக்கின்றன.

இந்தியில் ‘ஐட்டம் ஜா ரஹீ ஹை’ என வினை பெண்பாலிலேயே இயையலாம். தமிழில் ‘ஐட்டம் போகுது’ என அஃறிணை முடிபு பெறும். ஆயினும் ‘பொண்ணு வருது’ என்பதில் இழிவில்லை. திணை மயக்கத்திற்கு உவப்பு, உயர்வு, சிறப்பு, சினம், இழிப்பு ஆகியவற்றைக் காரணமாக நன்னூலார் கூறுவது இங்குக் கருதத்தக்கது. இழிவை விகுதி மட்டும் காட்டாது. சொல்வோன் நோக்கும் கேட்போர் நிலையுமே காட்டும்.

4. இதை 2022 அக்டோபரில் மும்பைச் சிறப்புப் போக்சோ நீதிமன்றம் உணர்ந்திருந்தது. 2015இல் ஒரு சிறுமியை ‘ஐட்டம்’ என விளித்து, கூந்தலைப் பற்றி இழுத்தவனுக்கு ஒன்றரை ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்த அத்தீர்ப்பு, இச்சொல் பெண்ணைப் பாலியல் நோக்கில் பொருளாக்குகிறது என்றது. சுட்டுப்பொருளோடு நில்லாமல் பயன்பாட்டை வைத்துப் பொருள்கொண்ட முறை இது.

உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட பாலின முன்முடிவுகள் பற்றிய கையேடு வேறு வழியை மேற்கொள்கிறது. ‘ஈவ் டீசிங்’ போன்ற சொற்களை விலக்கி மாற்றுச் சொற்களை அது பரிந்துரைக்கிறது. நீதிமன்றம் தன் கூற்றாக எழுதும் மொழிக்கு இது பொருந்தும். சாட்சி எடுத்துரைக்கும் பிறர் சொல்லுக்கு இம்முறையை மொழிபெயர்ப்பாளர் நீட்டினால், அது இடக்கரடக்கலாகிக் குற்றத்தின் சான்றையே அழித்துவிடும். தாராவிச் சிறுமி ஒருத்தி தமிழில் தரும் வாக்குமூலம் மராத்தியிலோ ஆங்கிலத்திலோ பதிவாவதாகக் கொள்வோம். ‘ஐட்டம்’ என்பதை ‘அழகி’ எனப் பெயர்த்தால் குற்றம் பாராட்டாகிவிடும். தமிழ்க் கொச்சைப் பொருளை ஏற்றினால் சொல்லப்படாத வசை பதிவாகும். எதிர்த்தரப்பு அதைக் கொண்டே சிறுமியின் சொல்லை ஐயுறும்.

5. ஆதலின் இவ்வகைச் சொற்களை ஒலிபெயர்ப்பிலேயே நிறுத்தி, சொன்னவன் எம்மொழி வழக்கில் ஆண்டான், யாரை நோக்கி ஆண்டான், எம்முற்கோளைக் கேட்போர்மீது ஏற்றினான் என்னும் மூன்றையும் குறிப்பாகத் தருதல் வேண்டும். அகராதிப் பதிவுகளும் இம்மூன்றையும் பெறுதல் நன்று. நேர்ப்பொருள் மட்டும் தரும் பதிவு நடுநிலையானது போலத் தோன்றினும், வன்மம் கொண்டவன் கூற்றைக் குற்றமற்றதாக்கியே நம் கையில் தருகிறது.